கால்ஷீட் போய் ஃபைல் வந்தது

எண்பதுகளில் விடிந்தும் விடியாத நேரத்தில் வடபழனிப் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வயலின் பெட்டியும் கையுமாகச் சிலர் டீக்கடையில் நிற்பார்கள். ஒருவர் ஆட்டோக்காரரிடம் டபுள் பாஸை எப்படிச் சாய்த்து ஏற்றுவது என்று வாதாடிக்கொண்டிருப்பார். ஏவி.எம்., விஜயா, பிரசாத், பரணி என்று கூப்பிடு தூரத்தில் ஒலிப்பதிவுக் கூடங்கள். தமிழ் மட்டுமில்லை, தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களின் பாட்டும் பெரும்பாலும் இங்கேதான் பதிவானது. காலையில் ஒரு மொழி, மதியம் ஒரு மொழி என்று வாசித்துவிட்டுப் போகிறவருக்கு அது என்ன படம் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வேலை வரும் வழி எளிது. ஆர்கெஸ்ட்ரா இன்சார்ஜ் என்று ஒருவர் இருப்பார். "அண்ணே, நாளைக்குக் காலைல ஏழு மணி, பிரசாத். வந்துருங்க." இவ்வளவுதான் ஒப்பந்தம். வீட்டில் போன் இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டு நம்பர், அதுவும் இல்லாவிட்டால் சைக்கிளில் ஒரு பையன். ஏழு மணி என்றால் ஏழு மணி. இளையராஜாவின் கூடத்தில் இது பிரசித்தம். ஏழு மணிக்கு அவர் எழுதத் தொடங்குவார். எழுதியதைப் பார்த்து அவரவர் பகுதியை அவரவர் நோட்டில் படியெடுத்துக்கொள்வார்கள். ஒத்திகை பார்த்து, பாடகர் வந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் பாட்டு முடிந்திருக்கும்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு மல்டிட்ராக் என்ற வசதியே கிடையாது. பாடகர், வாத்தியங்கள், கோரஸ் எல்லாம் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். சத்தம் கூடினால் கருவியில் குறைக்க முடியாது, ஆளையே நகர்த்த வேண்டும். டிரம்பெட் வாசிக்கிறவர் பின்சுவரோடு ஒட்டி நிற்பார், புல்லாங்குழல் மைக்கின் வாயருகே. நாற்காலியை அரையடி முன்னே இழு, அரையடி பின்னே தள்ளு என்பதுதான் அன்றைய மிக்ஸிங். கடைசி வரி வரை பிசகாமல் வந்த பாட்டில், கடைசிச் சரணத்துக்குப் பிறகு ஒரு செல்லோக்காரர் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து. யார் தவறவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படிப் பார்க்காமலிருப்பதே ஒரு தண்டனை.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு: நேரம் யார் கணக்கில் ஓடியது என்பது. கால்ஷீட் என்றால் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. ஒரு டேக்கில் முடிந்தாலும் இருபது டேக் போனாலும் அந்த நேரத்துக்கான கூலி உண்டு. இசையமைப்பாளருக்கு மெட்டு வராமல் உட்கார்ந்திருந்தாலும் கூலி உண்டு. நேரம் தாண்டினால் அடுத்த கால்ஷீட்டின் கணக்கு தொடங்கும். முடிந்ததும் வவுச்சரில் கையெழுத்து, கையில் கவர். அந்தக் கட்டுப்பாடு தானாக வந்துவிடவில்லை. திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததில் எம்.பி.சீனிவாசனுக்குப் பெரிய பங்கு உண்டு. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த, சென்னையில் சேர்ந்திசைக் குழுவை நடத்திய அதே எம்.பி.எஸ்.தான். இடதுசாரியான அவருக்கு, நாற்பது பேரைச் சேர்ந்து பாடவைப்பதும் நாற்பது பேரைச் சேர்ந்து கூலி கேட்கவைப்பதும் வேறுவேறு வேலையாகத் தோன்றியிருக்காது.

காத்திருக்கும் நேரத்தில்தான் படிப்பும் நடந்தது. மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். அங்கே கற்றது பாதி என்றால், பக்கத்து நாற்காலிக்காரரின் வில் எப்படிப் போகிறது என்று பார்த்துக் கற்றது மீதி. இளையராஜாவே 'அன்னக்கிளி'க்கு (1976) முன்பு ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், கிடார் வாசித்தவர். ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-ல் இறந்தபோது, குடும்பம் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் பிழைத்தது. அந்தப் பையன் பதின்ம வயதிலேயே கீபோர்டோடு கால்ஷீட்டுக்கு வந்துவிட்டான். தமிழ்த் திரையிசையின் போக்கை மாற்றிய இருவருமே தினக்கூலிக் கலைஞர்களாக இருந்தவர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. கதவு குறுகலாக இருந்தது. சங்க அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. இன்சார்ஜ் முகம் கோணினால் மாதக்கணக்கில் அழைப்பு வராது. வாத்தியக்காரர்களில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். பெயர் என்ற ஒன்றும் கிடையாது. இலங்கை வானொலியில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் அழகாகச் சொல்வார்கள். பாட்டைத் தொடங்கிவைக்கும் அந்தப் புல்லாங்குழல் யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். இளையராஜாவின் எத்தனையோ பாடல்களுக்குக் குழல் வாசித்தவர் நெப்போலியன். அவரே அருண்மொழி என்ற பெயரில் பாடத் தொடங்கிய பிறகுதான் ஜனங்களுக்கு ஆளைத் தெரிந்தது. ஊதியதை விட்டுவிட்டுப் பாடியதற்குப் பெயர்!

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1983-ல் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்தது. அதே ஆண்டு யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்தது. 1986-ல் 'புன்னகை மன்னன்' பாடல்களில் சீக்வென்சர் கேட்டது. தாளக்காரர்களில் சிலர் அன்றே கிலி பிடித்துப் போனார்கள், சிலர் சிரித்தார்கள். 1989-ல் ரஹ்மான் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். 1992-ல் 'ரோஜா'. அதே காலத்தில்தான் அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் என்ற ஒலிப்பதிவுக் கருவி சந்தைக்கு வந்தது. எஸ்-விஎச்எஸ் டேப்பில் எட்டு ட்ராக். லட்சக்கணக்கில் செலவழித்து அமைத்த கூடத்தில் மட்டும் நடந்த வேலை ஒரு வீட்டு அறைக்குள் நுழைந்தது.

ரஹ்மான் வேலை செய்த விதம்தான் பெரிய உடைப்பு. நாற்பது பேரை ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்குப் பதில் ஒருவரை, அதுவும் ராத்திரியில், கூப்பிட்டார். பாட்டு எது என்று சொல்லாமல் ஒரு சுருதியை ஓடவிட்டு "வாசிங்க" என்பார். வாசித்ததில் எந்தத் துண்டு எந்தப் பாட்டில் எங்கே உட்காரும் என்பது வாசித்தவருக்கு கேசட் வந்த பிறகே தெரியும். நோட்டைப் பார்த்து வாசித்தே பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருந்தது. தன் போக்கில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கோ கொண்டாட்டம். கேசட் அட்டையில் வாத்தியக்காரர் பெயரைப் பார்க்கும் பழக்கம் தமிழ் ரசிகனுக்கு வந்ததும் அவரால்தான். 'பம்பாய்' (1995) தீமில் வருவது நவீன்குமாரின் குழல் என்று இன்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு இந்தத் தொழில் கடன்பட்டிருக்கிறது என்பேன்.

இனி இன்றைக்கு வருவோம். வளசரவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வயலின்காரர். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய ஸ்டுடியோ என்பது படுக்கையறை. பீரோவைத் திறந்து வைத்திருக்கிறார். தொங்கும் புடவைகளும் சட்டைகளும் எதிரொலியை விழுங்கிவிடும். ஜன்னலில் பழைய ரஜாய். மின்விசிறியும் ஏசியும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. மே மாதம்.

வாட்ஸ்அப்பில் குறிப்பு வரும், மின்னஞ்சலில் ட்ராக் வரும்: வேகம் இத்தனை பிபிஎம், சுருதி இது, இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை வயலின் கூட்டம் வேண்டும். கூட்டம் என்றால் அவர் ஒருவர்தான். முதல் வயலின் வரியை மைக்குக்கு நெருக்கமாக ஒரு முறை வாசிக்கிறார். நாற்காலியை ஓரடி இடப்பக்கம் நகர்த்தி அதையே இன்னொரு முறை. பிறகு வேறு வயலின், அது கொஞ்சம் மட்டமானது. வேண்டுமென்றேதான். எல்லாரும் நல்ல வயலின் வைத்திருந்தால் கூட்டம் மாதிரிக் கேட்காது என்கிறார். ஒரு சுற்றில் வில்லை நுனியில் மட்டும் ஓட்டுகிறார், இன்னொன்றில் அழுத்தம் குறைக்கிறார், ஒரு சுற்றில் மயிரிழை பிந்தி நுழைகிறார். நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கையில் இயல்பாக நேரும் சின்னச் சின்னப் பிசகுகளைத் தனியாளாகத் திட்டமிட்டு உண்டாக்குகிறார். பன்னிரண்டாவது சுற்றில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. வில்லை இறக்கிவிட்டு, "இன்னும் ரெண்டு விசில் இருக்கு" என்று காத்திருந்தார்.

முடிந்ததும் வேலை முடியவில்லை. மூச்சுச் சத்தம் வெட்ட வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் தனி வேவ் ஃபைலாகப் பெயரிட்டு ஏற்ற வேண்டும். அன்று கூடத்தில் ஒலிப்பதிவாளர், அவருக்கு ஓர் உதவியாளர், காப்பி எடுப்பவர், மைக் நகர்த்தும் பையன், டீ கொடுப்பவர் என்று பிரிந்திருந்த அத்தனை வேலையும் இப்போது இவர் தலையில். மறுநாள் காலை குரல்பதிவு ஒன்று வரும்: "சார், சூப்பர் சார். ஒரு சின்ன ஃபீல் மட்டும் மாத்தணும்." மறுபடி பீரோ, மறுபடி ரஜாய். இவருக்குப் பேசியது பாட்டுக்கு இவ்வளவு என்று. திருத்தத்துக்கு விலை கிடையாது.

பழைய ஆட்கள் கணினி வேலையைப் பறித்தது என்கிறார்கள். அது பாதிதான் சரி. பறிபோனது கடிகாரம். அன்று இசையமைப்பாளரின் தயக்கத்துக்கான செலவு தயாரிப்பாளர் கணக்கில் ஏறியது. இன்று அதே தயக்கம் வளசரவாக்கத்துப் படுக்கையறையில், வாசிக்கிறவரின் கணக்கில் ஏறுகிறது.

புரொட்யூசர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அடுத்த தலைமுறைக்கும் இதே கதை, கொஞ்சம் வேறு மாதிரி. பெரிய இசையமைப்பாளரின் பெயரில் வரும் பாட்டுக்குத் தாளக்கட்டு, பேஸ், சின்த் எல்லாம் அமைப்பது பல நேரம் இருபத்தைந்து வயதுப் பையன்கள். ப்ரோகிராமிங் என்ற தலைப்பின் கீழ் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் இவர்களுக்குச் சங்க அட்டை வேண்டாம், இன்சார்ஜ் தயவு வேண்டாம், சென்னைகூட வேண்டாம். தேனியில் இருந்தபடி ஒரு பெண் கிடார் வாசித்து அனுப்பலாம். இந்தக் கதவு திறந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய வயலின் கூட்டம் நிஜமாகவே வேண்டுமென்றால்? பணமுள்ள படங்கள் புடாபெஸ்டுக்கோ வட மாசிடோனியாவின் ஸ்கோப்யேவுக்கோ போகின்றன. நேரில் போக வேண்டியதில்லை, இணையம் வழியாகக் கேட்டபடி இங்கிருந்தே திருத்தம் சொல்லலாம். இளையராஜா 'குரு' (1997), 'ஹே ராம்' (2000) படங்களுக்குப் புடாபெஸ்டில் பதிவு செய்தபோது அது செய்தி, இன்று அது பட்ஜெட்டில் ஒரு வரி. அங்கே கூலி மணிக்கணக்கில்தான்! வடபழனியில் வழக்கொழிந்த கால்ஷீட் ஸ்கோப்யேவில் சௌக்கியமாக இருக்கிறது.

யார் தப்பினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வயலின், செல்லோ, பியானோவுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு சுரமாகப் பதிந்து அற்புதமான சாம்பிள்கள் விற்கின்றன. அந்த வாத்தியக்காரர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். உறுமியின் அந்த இழுப்பை, பறையில் குச்சி மாறி விழும் சொல்லை, நாகஸ்வரக் கமகத்தை விசைப்பலகையில் இதுவரை நம்பும்படி யாராலும் கொண்டுவர முடியவில்லை. அதனால் கூடத்தில் கடைசி நாற்காலிகூடக் கிடைக்காமலிருந்த வாத்தியங்களுக்கு இன்று ஆளனுப்பிக் கூப்பிடுகிறார்கள்.

பெயர் போடுவது கௌரவத்துக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி. பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கென்று உரிமைகளைத் தந்தது. 2012 திருத்தம் அந்த நிகழ்த்துதலை வணிகமாகப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்றது. ஆனால் அதே 2012 திருத்தத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது, துணையளவானது, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கும் பெயர் போடாதது என்றால், பெரும்பாலான உரிமைகளுக்கு அவர் கலைஞராகவே கருதப்பட மாட்டார். தொழில் வழக்கம் என்ன? பெயர் போடாததுதான். அமெரிக்காவில் படம் தொலைக்காட்சிக்குப் போனால் அதில் வாசித்தவர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க 1972 முதல் ஒரு நிதியம் நடக்கிறது. இங்கே நாற்பது வருடமாக டீக்கடைதோறும் ஒலிக்கும் பாட்டில் வாசித்தவருக்கு அன்றைய கவரோடு கணக்கு முடிந்தது.

இதற்கிடையில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2024-ல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் அப்படித்தான் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, உரிய பணமும் கொடுத்துச் செய்ததாக அவரே சொன்னார். குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஊருக்கே தெரியும், அதனால் அனுமதி கேட்க ஒரு வீடு இருந்தது. பெயரில்லாத பேஸ் கிடார்காரரின் விரலை ஒரு இயந்திரம் கற்றுக்கொண்டால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

இளையவர்கள் சுதாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பேஸ் கிடார்காரப் பையன் தன் விலைப்பட்டியலைக் காட்டினான். பாட்டுக்கு இவ்வளவு, பாதி முன்பணம், இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கில் கூலி, டைட்டிலிலும் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் பெயர், வாசித்ததை எந்த மென்பொருளுக்கும் பயிற்சியாகக் கொடுக்கக் கூடாது. "இதுக்கெல்லாம் ஒத்துக்கிறாங்களா தம்பி?" என்று கேட்டேன். "பாதிப் பேர் ஒத்துக்கிறாங்க சார். மீதிப் பேர் வேற ஆளுகிட்டப் போயிடறாங்க. அந்த ஆளும் இதே லிஸ்ட்டை அனுப்பிட்டா பிரச்சினை இல்ல" என்றான். எத்தனை பேர் அனுப்புகிறீர்கள் என்றேன். அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம்.