சுற்றும் கோப்பைகள்

பெரிய வட்ட மேடை ஒன்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன்மேல் பதித்த மூன்று சிறிய வட்ட மேடைகள் வலஞ்சுழியாகச் சுற்றுகின்றன. சிறிய மேடை ஒவ்வொன்றிலும் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய தேநீர்க் கோப்பைகள் ஆறு, மொத்தம் 18. கோப்பையின் நடுவில் ஓர் இரும்புச் சக்கரம். அதைப் பிடித்துத் திருகினால் கோப்பையும் தன் பங்குக்குச் சுழலும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனாஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாண்டின் ‘மேட் டீ பார்ட்டி’ ராட்டினம் இதுதான். பூங்கா திறந்த 1955 ஜூலை 17 அன்றே இதுவும் ஓடத் தொடங்கியது. நம்மூர்க் கேளிக்கைப் பூங்காக்களில் ‘கப் சாசர்’ என்று பிள்ளைகள் ஏறுகிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் ஒரு கிறுக்குத் தேநீர் விருந்து வரும். தொப்பிக்காரர், முயல், தூங்கிவழியும் ஒரு குட்டி எலி ஆகிய மூவரும் அமர்ந்திருக்கிறார்கள். காலத்தோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் அவர்களுக்கு மணி எப்போதும் மாலை ஆறுதான். தேநீர் நேரம் முடிவதே இல்லை. கோப்பை கழுவ ஏது அவகாசம்? ஆகவே குடித்த கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, மேசையைச் சுற்றி அடுத்த இருக்கைக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கும் போய்ச் சேராமல் வட்டமடிக்கும் விருந்து! ராட்டினத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. பல பூங்காக்களில் கதை என்பது இயந்திரத்தின்மேல் அடித்த வண்ணப்பூச்சுதான். இங்கே கதையே சுழல்கிறது.

ராட்டினத்துக்கு நேரடி மூலம், இந்தக் கதையை வைத்து டிஸ்னி எடுத்த 1951ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படம். அந்தப் படம் வெளியான காலத்தில் வசூலில் ஏமாற்றியது. ஆனாலும் நாலே வருடத்தில் அதன் விருந்துக் காட்சியை எடுத்து இரும்பில் வார்த்தார்கள். செய்து கொடுத்தது மவுண்டன் வியூ ஊரிலிருந்த ‘ஆரோ டெவலப்மென்ட்’ என்ற சிறிய பட்டறை. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் கார்ல் பேக்கனும் எட் மோர்கனும். இதே பட்டறைதான் 1959இல் டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் ரோலர் கோஸ்டருக்கு எஃகுக் குழாயில் தண்டவாளம் அமைத்தது. மரச்சட்டங்களின்மேல் ஓடிய ரோலர் கோஸ்டர்களின் போக்கையே மாற்றிய வேலை அது.

கோப்பைக்குள் நடப்பதைச் சற்றுக் கவனிக்கலாம். கோப்பை பெரிய மேடையின் வெளிவிளிம்புப் பக்கம் வரும்போது, சிறிய மேடையின் ஓட்டம் பெரிய மேடையின் ஓட்டத்துக்கு எதிராக இருக்கும், வேகம் கழியும். மையத்தை ஒட்டி வரும்போது இரண்டும் ஒரே திசை; வேகம் கூடும். வட்டத்தின்மேல் வட்டம் வைத்துக் கோள்களின் முன்பின் நகர்வை விளக்கினாரே அலெக்சாந்திரியாவின் தாலமி, அதே வடிவக்கணக்கு! மூன்றாவது சுழற்சி மட்டும் நம் கையில். நடுச் சக்கரத்தின் பிடிமானம் கோப்பையில் இல்லை, கீழே மேடையில் இருக்கிறது. அதனால்தான் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளினால் கோப்பையும் நாமும் மறுபக்கம் திரும்புகிறோம்.

இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. மின்னசோட்டா மாநிலத்தின் ஃபாரிபால்ட் ஊரைச் சேர்ந்த ஹெர்பர்ட் செல்னர் 1926இல் உருவாக்கிய ‘டில்ட் ஏ வேர்ல்’ அது. அதில் ஏழு பெட்டிகள், மேடும் பள்ளமுமான பாதையில் ஏறி இறங்கியபடி சுற்றும். பெட்டி அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. 1994இல் இரண்டு இயற்பியலாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்து, ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு நல்ல உதாரணம் என்று ஆய்விதழில் எழுதினார்கள். மேடும் பள்ளமும் இல்லாத சமதளம் என்பதால், கோப்பை ராட்டினத்தின் மேடைகள் தரும் ஓட்டத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கோப்பையில் வரும் குழப்பமெல்லாம் உடன் உட்காரும் அண்ணன் தம்பி கைவரிசை.

1983இல் டிஸ்னிலாண்டில் இந்த ராட்டினம் இருந்த பகுதியைப் புதுப்பித்தபோது, கோப்பைகளை இடம் மாற்றி ஆலிஸ் கதையின் இன்னொரு சவாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஃபுளோரிடாவில் 1971, டோக்கியோவில் 1986, பாரிஸில் 1992, ஹாங்காங்கில் 2005 என்று மற்ற டிஸ்னி பூங்காக்களிலும் இதன் கிளைகள் வந்தன. பாரிஸில் மேலே கண்ணாடிக் கூரை. ஃபுளோரிடாவில் நடுவே ஒரு பெரிய தேநீர்க் கூஜா, அதிலிருந்து அந்தத் தூங்குமூஞ்சி எலி எட்டிப் பார்க்கும்.

ஒன்றரை நிமிடச் சவாரி முடிந்து இறங்கியதும் தரை சுற்றுவது ஏன்? நம் உள்காதில், பக்கத்துக்கு மூன்றாக அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுள் திரவம். சொம்பைச் சட்டென்று திருப்பினால் உள்ளே தண்ணீர் பின்தங்குமே, அப்படித் தலை திரும்பும்போது இந்தத் திரவம் பின்தங்கி, குழாயிலுள்ள நுண்ணிய உணர்முடிகளை வளைக்கிறது. மூளை அதைச் சுழற்சி என்று படிக்கிறது. தொடர்ந்து ஒரே சீராகச் சுற்றினால் திரவமும் சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். கோப்பை நின்றதும் தலை நிற்கிறது, திரவம் நிற்பதில்லை. முடிகள் இப்போது எதிர்ப்பக்கம் வளைய, நிற்கிற உலகம் சுற்றுகிறது.

குமட்டல் வேறு சங்கதி. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்லும்போது வருவது அது. சுற்றிக்கொண்டிருக்கும்போது தலையைச் சாய்த்தால், அதுவரை சும்மா இருந்த குழாய்களும் சேர்ந்து கிளம்பி நிலைமையை மோசமாக்கும். எனவே அடுத்த முறை ஏறினால், கழன்ற செருப்பை எடுக்கக் குனியாதீர்கள். கழுத்தை நேராக வைத்திருங்கள். அதற்கும் தாங்காதவர்கள் நடுச் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிடலாம். மூன்று சுழற்சியில் ஒன்று உடனே குறையும்.