மல்லி மஞ்சளானால் முதலில் மண்ணைப் பாருங்க



வாசலிலும் கொல்லையிலும் மல்லி, கனகாம்பரம், சாமந்தி பாத்தி போட்டிருக்கும் சகோதரிகள் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் நிறைய பேர். இலை மஞ்சளானதும் ஒரு கை யூரியா போடுவது பழக்கமாகிவிட்டது. எல்லா மஞ்சளுக்கும் அது மருந்தில்லை.

எந்த இலை மஞ்சளாகுதுன்னு பாருங்க. அடி இலை முழுசா வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. நுனியில் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு உருக்குற கும்மிடிப்பூண்டியில செடிக்கு இரும்பு இல்லையான்னு சிரிக்காதீங்க. மண்ணில் இரும்பு இருக்கும். காரத்தன்மை அதிகமானால் வேரால் அதை எடுக்க முடியாது. இதுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாதம் ஒரு முறை, இலை பச்சையாகும் வரை தெளிக்கணும்.

அதோடு மண்ணையும் சரிசெய்யணும். ஈர மண்ணை உருட்டிப் பாருங்க. நாடா மாதிரி நீண்டால் களி. உருண்டையே பிடிக்காவிட்டால் மணல், பழவேற்காடு கடலோரம் மாதிரி. களியில் தண்ணீர் நின்று மல்லி வேர் அழுகும். பாத்தியை அரை அடி உயர்த்தி மக்கிய எருவைக் கலந்தால் மண் பொலபொலன்னு ஆகும். மணலுக்கு எருவோடு ஏரி வண்டலும் சேர்க்கலாம். வண்டல் எடுக்க முதலில் தாலுகா ஆபீஸில் அனுமதி கேளுங்க.

பாத்தி உயர்த்த இலவசமா கிடைக்குதேன்னு கம்பெனிச் சாம்பல், கசடு, கழிவு மண்ணை மட்டும் கொட்டிடாதீங்க. அதில் காரீயம் இருக்கலாம். ஒரு தடவை மண்ணில் சேர்ந்தால் எருவாலும் மழையாலும் போகாது. பூச்செடிக்குத்தானேன்னு தோணும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்குமே! காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வழக்கமான மண் பரிசோதனையில் இது தெரியவும் தெரியாது. ஆபத்தான கழிவைப் புதைக்க சிப்காட்டிலேயே தனி இடம் இருக்கு.

உரச் செலவுக்கு முன்னால் மண் பரிசோதனை செய்துடுங்க. மேல் குப்பையை ஒதுக்கி, எருக்குவியல், மர நிழல், வரப்பு ஓரம் தவிர்த்து, நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் ‘வி’ மாதிரி வெட்டி, பக்கவாட்டில் விரல் கனம் சுரண்டி எடுங்க. எல்லாத்தையும் கலந்து நிழலில் உலர்த்தி, அரை கிலோவைத் துணிப்பையில் கட்டிடுங்க. பழைய உரச்சாக்கில் வேண்டாம், முடிவு மாறிடும். எங்கே கொடுப்பது, கட்டணம் எவ்வளவுன்னு வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்க. ஜிப்சம் போடணுமா வேண்டாமான்னு முடிவு வந்த பிறகு பார்த்துக்கலாம்.