சாவி மாவோயிஸ்டுகளிடம், கண்காணிப்பு ஐ.நா.விடம்: நேபாள அமைதி முயற்சிக்கு உலக நாடுகளின் ஆதரவு எதைச் சாதித்தது?

2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேபாளத்தின் ஏழு முதன்மை முகாம்களில் இரும்புச் சரக்குப் பெட்டகங்கள் வைக்கப்பட்டன. மாவோயிஸ்ட் போராளிகள் தங்கள் துப்பாக்கிகளைப் பதிவு செய்து அவற்றுக்குள் அடுக்கினர். பெட்டகங்கள் பூட்டப்பட்டன. ஆனால், சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது. ஐ.நா. பார்வையாளர்களிடம் இருந்தவை பதிவேடு, கண்காணிப்புக் கேமரா, பெட்டகம் திறக்கப்பட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஆகியவையே.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஒரு நாட்டின் அமைதி முயற்சிக்குச் சர்வதேச ஆதரவு தேவை என்று அடிக்கடி கூறப்படுகிறது. அந்த ஆதரவு நடைமுறையில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிய, நமது அண்டை நாட்டில் நடந்ததைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

டெல்லியில் தொடங்கிய உடன்பாடு

நேபாளத்தில் மாவோயிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் 1996 பிப்ரவரியில் தொடங்கியது. பத்து ஆண்டுகளில் 13,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் வெளியான அரசுக் கணக்குகள் இந்த எண்ணிக்கையைச் சுமார் 17,000 என்கின்றன. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டதும், ஒன்றையொன்று எதிர்த்துவந்த அரசியல் கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் நெருங்கினர். அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த பேச்சுகளில் 12 அம்ச உடன்பாடு உருவானது. 2006 ஏப்ரலில் மக்கள் எழுச்சிக்கு மன்னர் பணிந்தார். நவம்பர் 21-ஆம் தேதி பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலாவும் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவும் விரிவான அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

இதற்கு முன்பே, 2006 ஆகஸ்டில், இரு தரப்பும் ஒரே வாசகம் கொண்ட தனித்தனிக் கடிதங்களை ஐ.நா. பொதுச் செயலாளருக்கு அனுப்பியிருந்தன. உதவியை நேபாளமே கேட்டது. எவ்வளவு உதவி என்பதையும் நேபாளமே வரையறுத்தது. அமைதிப்படை கேட்கப்படவில்லை. தனது அண்டையில் ஐ.நா. பெரிய அளவில் கால் பதிப்பதை இந்தியாவும் விரும்பவில்லை. இதன் விளைவாக, 2007 ஜனவரி 23-ஆம் தேதி பாதுகாப்பு கவுன்சிலின் 1740-ஆவது தீர்மானத்தின்படி அமைந்த ஐ.நா. நேபாளத் தூதுக்குழு ஆயுதம் ஏந்தாத, ஓராண்டுக் காலவரையறை கொண்ட சிறு குழுவாகவே இருந்தது. பார்வையாளர்கள் முழுமையாக வந்துசேரும் வரை, இந்திய, பிரிட்டன் ராணுவங்களின் கூர்க்கா படைப்பிரிவுகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற நேபாளியர் நூற்றுக்கும் மேற்பட்டோர் பெட்டகங்களைக் கண்காணித்தனர். இரு தரப்புக்கும் ஏற்புடைய ஆட்கள் உள்ளூரிலேயே கிடைத்தனர் என்பது இந்த முயற்சியின் நற்பேறு.

ஏன் சாவி அவர்களிடம்?

இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆவணத்தில் 'ஆயுதக் களைவு' என்ற சொல் இல்லை. 'ஆயுதங்கள், படைகள் மேலாண்மை' என்றே அது பேசுகிறது. தோற்றவர் ஆயுதத்தை ஒப்படைப்பார். தாங்கள் தோற்கவில்லை என்பது மாவோயிஸ்டுகளின் நிலைப்பாடு. ஆகவே, மாவோயிஸ்டுகள் பூட்டிவைத்த சுமார் 3,500 ஆயுதங்களுக்கு ஈடான எண்ணிக்கையில் நேபாள ராணுவமும் தன் ஆயுதங்களைப் பூட்டி வைத்தது. 2016 ஒப்பந்தத்துக்குப் பின் கொலம்பியாவில் ஐ.நா. குழு சுமார் 9,000 ஆயுதங்களைத் தானே பெற்றுக்கொண்டதுடன் ஒப்பிட்டால், நேபாள ஏற்பாடு பலவீனமானதாகத் தோன்றும். ஆனாலும் அது நிலைத்தது. 2008 ஏப்ரல் 10-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபைத் தேர்தல் நடந்தது; மாவோயிஸ்டுகள் தனிப்பெரும் கட்சியாயினர்; மே 28-ஆம் தேதி முடியாட்சி ஒழிக்கப்பட்டது.

எண்ணிக்கையில்தான் சிக்கல் எழுந்தது. ஐ.நா. குழு 19,602 பேரைப் போராளிகளாக உறுதி செய்தது. தங்கள் உண்மையான பலம் 7,000 முதல் 8,000 வரைதான், அதை 35,000 என்று காட்டினோம் எனப் பிரசண்டா தம் தொண்டர்களிடம் பேசிய காணொளி 2009 மே மாதம் வெளியானது. சரிபார்ப்பு முறையின் மீதான நம்பிக்கை இதனால் குலைந்தது.

சரிபார்ப்பில் சுமார் 4,000 பேர் நீக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர், 2006 போர்நிறுத்தத்தின்போது 18 வயதை எட்டாதவர்கள். நேபாளி மொழியில் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'அயோக்ய', அதாவது தகுதியற்றவர். தமிழில் அச்சொல் எவ்வளவு கடுமையானது என்பதை விளக்க வேண்டியதில்லை. நேபாளியிலும் அவர்களுக்கு அது வலித்தது. சிறுவயதில் போரில் இறக்கப்பட்டவர்கள் அந்த முத்திரையுடன் ஊர் திரும்ப மறுத்துப் போராடினர். ஐ.நா. அளித்த தொழிற்பயிற்சி, கல்வி உதவிகளால் அந்தக் கசப்பு நீங்கவில்லை.

கால நீட்டிப்புகளுக்குப் பிறகு, 2011 ஜனவரி 15-ஆம் தேதி ஐ.நா. தூதுக்குழு வெளியேறியது. போராளிகள் அப்போதும் முகாம்களில்தான் இருந்தனர். எஞ்சிய பணியை நேபாளக் கட்சிகளின் சிறப்புக் குழு முடித்தது. பெரும்பாலோர் 5 முதல் 8 லட்சம் நேபாள ரூபாய் பெற்று விலகினர். சுமார் 1,400 பேரே ராணுவத்தில் சேர்ந்தனர். நேபாள அரசும் ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட நன்கொடையாளர்களும் இணைந்து நடத்திய அமைதி அறக்கட்டளை நிதியம் முகாம்களின் பராமரிப்புக்கு உதவியது. முன்னாள் எதிரிகள் ஒரே சீருடையில் நின்றது சிறிய சாதனை அல்ல.

எண்ண முடியாதவை

துப்பாக்கியை எண்ணலாம், போராளியை எண்ணலாம், வாக்கை எண்ணலாம். இவற்றில் வெளிநாட்டு உதவி பயன் தந்தது. நீதி என்று வந்தபோது கதை வேறு. 2005 முதல் நேபாளத்தில் இயங்கிய ஐ.நா. மனித உரிமை அலுவலகம், அரசு அனுமதியை நீட்டிக்காததால் 2011 இறுதியில் மூடப்பட்டது. அந்த அமைப்பு 2012-இல் வெளியிட்ட அறிக்கை, சுமார் 30,000 ஆவணங்களின் அடிப்படையில் 9,000 வரையிலான கடும் மீறல்களைப் பட்டியலிட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் இரு தரப்பிலும் இருந்தனர். ஆகவே, விசாரணையை விரைவுபடுத்த இரு தரப்பிலும் எவருக்கும் அவசரம் இல்லை.

உண்மை கண்டறியும் ஆணையமும் காணாமல் போனோர் குறித்த ஆணையமும் 2015-இல்தான் அமைந்தன. கொடுங்குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு கூடாது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 2024 ஆகஸ்ட் வரை காலம் பிடித்தது. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அத்திருத்தத்தை வரவேற்றார். ஆணையத்தில் 60,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்துள்ளன. செஞ்சிலுவைச் சங்கம் தொகுத்த காணாமல் போனோர் பட்டியலில் 1,300-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.