உஷார்! டிஸ்சார்ஜ் சீட்டில் ‘15/15’ என்று இருக்கிறதா?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்களா? நேர்த்திக்கடனும் முடிந்ததா? டிஸ்சார்ஜ் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘ஜிசிஎஸ் 15/15’ என்று எழுதியிருக்கலாம். அதை முழு மார்க் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன.

1974இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. சுயநினைவு இருக்கிறதா என்பதோடு அதன் வேலை சரி. கேஸ் அடுப்பை அணைக்க மறப்பாரா, யாரோ நீட்டிய கடன் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நரம்பிழைகள் அறுந்த நுண்காயம் சி.டி. ஸ்கேனுக்கும் பல நேரம் தப்பிவிடும்.

‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தபின், தமிழ்நாட்டில் சாலை விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக் கவலை குறைந்தது. நான் சொல்லும் ஆபத்து அதற்கும் பிறகு, சில வாரம் கழித்துத் தலைகாட்டும். சாதுவானவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவார். சுறுசுறுப்பானவரைப் பல் தேய்க்கவே யாராவது கிளப்ப வேண்டியிருக்கும். நாம் ‘திமிர்’, ‘சோம்பேறி’ என்போம். செய்வினை என்று வேப்பிலை அடிக்கவும் கிளம்புவோம். கோபத்தின் பிரேக்கும் செயலின் ஸ்டார்ட்டரும் நெற்றிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அடிபட்டதும் அங்கேயாக இருக்கலாம்.

‘எனக்கு ஒண்ணுமில்ல, சாவியக் குடு’ என்கிறாரா? இன்னும் உஷார்! தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் குணம்.

இப்படிப்பட்டவரைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் காட்டுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ‘பைத்தியமா என்ன?’ என்று முகம் சுளிக்காதீர்கள். சில சொற்களை வாசித்துவிட்டு அரை மணி கழித்துத் திருப்பிக் கேட்பார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். பச்சை மையில் ‘சிவப்பு’ என்று எழுதிக் காட்டி மையின் நிறம் கேட்பார். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். கோளாறு மனதில் பதிவதிலா, பதிந்ததை எடுப்பதிலா, அவசரத்தை அடக்குவதிலா என்பது இதில்தான் பிடிபடும். அதற்கேற்பத்தான் பயிற்சி. ‘யோசிச்சுச் சொல்லு’ என்று நாம் படுத்தினால், கடும் மறதி உள்ளவருக்கு அவர் சொன்ன தப்பான பதிலே பதிந்துவிடும். சரியானதை முதலிலேயே காட்டிப் பழக்க வேண்டும். போன் அலாரம், எப்போதும் ஒரே நோட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை. ‘இவர் என் வீட்டுக்காரரே இல்ல’ என்று விசும்பும் மனைவியையும் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். மருந்துச் சீட்டில் வராத சிகிச்சை அது.

‘ஞாபக சக்தி’ போர்டு மாட்டிய இடத்திலெல்லாம் நுழையாதீர்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி, வலிப்பு, தூக்கக் கலக்கம் வந்தால் சைக்காலஜிஸ்டைத் தேடாதீர்கள், உடனே 108.

மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மது கூடாது, பத்திரத்தில் கையெழுத்து கூடாது, பைக் கூடாது. அந்தச் சாவி இப்போது வாசல் ஆணியில்தானே தொங்குகிறது? முதலில் அதை எடுத்துப் பீரோவில் வையுங்கள்.