ஒற்றைக் கையில் ஒரு கியூப்

ரூபிக் கியூபை ஒரே கையால் திருப்பிப் பாருங்கள். கணக்கு தெரிந்தவர்களுக்கும் விரல் ஒத்துழைக்காது. 2019 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம், கியூபை ஒற்றைக் கையால் முடிக்கும் ரோபோவைக் காட்டியது. கை ஒன்றும் புதிதல்ல. லண்டனின் ஷேடோ நிறுவனம் தயாரித்தது, அந்த வகைக் கை பல வருடங்களாக ஆய்வகங்களில் இருந்தது. புதிதாக வந்தது அதை ஆட்டிவைக்கும் மென்பொருள்.

எந்தப் பக்கத்தை எப்போது திருப்ப வேண்டும் என்ற கணக்கைப் பழைய கணினி முறை ஒன்றே போட்டுக் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவு கற்றது, கியூபைக் கீழே போடாமல் திருப்புவதை மட்டும். கணக்கையும் அதுவே போட்டது என்று நினைத்துப் பலர் ஏமாந்தார்கள். ஆனால், கையால் திருப்புவதுதான் கடினமான பாதி.

பயிற்சி முழுக்கக் கணினிக்குள் நடந்தது. கூட்டிப் பார்த்தால் சுமார் 13,000 ஆண்டு அனுபவம். கற்பனை உலகில் கியூபின் அளவு, எடை, வழுக்கும் தன்மை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ரோபோ சமாளித்துவிட்டால் மாற்றத்தின் வீச்சு தானாகவே இன்னும் கூடும். எந்த வாடகை சைக்கிளையும் நாலு மிதியில் பிடிகொள்ளும் ஆளைப் போல, எது வந்தாலும் பழகிக்கொள்ளும் பக்குவம் இதனால் வந்தது.

நிஜக் கைக்கு ரப்பர் கையுறை மாட்டினார்கள். இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பஞ்சு அடைத்த ஒட்டகச்சிவிங்கி பொம்மையால் இடித்தார்கள். எதற்கும் முன்பயிற்சி கிடையாது; கை தன் வேலையைத் தொடர்ந்தது.

எனக்கு இதைவிடச் சுவையானது வேறொரு சோதனை. வேலை செய்யச் செய்ய, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நடுவே மென்பொருளின் குறுகிய கால நினைவை அழித்துவிட்டார்கள். உடனே தடுமாறியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வேகம் பிடித்தது. அதாவது, செய்யும்போதே கற்கிறது.

மிக மோசமாகக் கலைத்த கியூபை நூற்றுக்கு இருபது முறைதான் முடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்யும்போது கற்றதும் அந்த முயற்சியோடு போய்விடும். அடுத்த முயற்சி புதிதாகத்தான் தொடங்கும். நிலையாகக் கற்க வேண்டுமென்றால் மென்பொருளின் நரம்பு வலைப்பின்னலையே மீண்டும் பழக்க வேண்டும். புதியதை மட்டும் பழக்கினால் பழைய திறமை தேய்ந்துவிடும். அதனால்தான் இன்றைய ரோபோப் பொறியாளர்கள் பலர், புதுப் பாடம் நடத்தும்போது பழைய பாடங்களையும் இடையிடையே கலந்து கொடுக்கிறார்கள்.