பழகும் கை

சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ளன. ஒரு காலத்தில் அங்கெல்லாம் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. பால்மரம் சீவுவது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கத்தி மேலோட்டமாகச் சென்றால் பால் வடியாது. சற்று ஆழமாக இறங்கினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே சீவ இயலாது. ஆகவே, புதிதாகக் கத்தி பிடிப்பவரை விரைவில் சாய்க்கப்படவிருக்கும் கிழட்டு மரத்தில் பழகவிடலாம். கை தவறினாலும் இழப்பு பெரிதன்று.

மனித உடலில் கத்தி வைக்கக் கற்பவருக்கு அப்படியொரு கிழட்டு மரம் கிடையாது. அவருடைய முதல் நோயாளியும் ஒருவருடைய மகளாகவோ தந்தையாகவோதான் இருப்பார். அங்கே அவர் தவறக் கூடாது. ஆனால், செய்து பார்க்காமல் கற்கவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு மருத்துவ உலகம் கண்ட விடையே உறைவிடப் பயிற்சி. பிளாஸ்டிக் மற்றும் மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சைத் துறையில் அதன் தேவையைத் தெளிவாக உணரலாம்.

‘பிளாஸ்டிக்’ என்றதும் நெகிழிப் பொருளை நினைப்பவர் உண்டு. மூக்கை அழகுபடுத்தும் சிகிச்சை என்று எண்ணுபவர் இன்னும் அதிகம். வடிவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு வருவோரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலின் தோலும் தசையும் கிழிந்தவர், கொதிக்கும் எண்ணெய் பட்டவர், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை எனப் பலர் இருப்பர். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிவிட்ட ஒருவருக்கு, மீண்டும் கரண்டி பிடிப்பதே பெரிய செய்தி. அழகு அதற்குப் பிறகுதான்.

உறைவிடப் பயிற்சியை 1889-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முறைப்படுத்தியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். பயிற்சி பெறுவோர் மருத்துவமனையிலேயே தங்கியிருந்ததால் ‘ரெசிடெண்ட்’ எனப்பட்டனர். (பேராக் வரலாற்றைப் படித்தவர்களுக்கு ரெசிடெண்ட் என்றால் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்தான் நினைவுக்கு வருவார், அவர் வேறு, இவர்கள் வேறு.) முதலில் பார்த்தல், பின்னர் உதவுதல், அதன்பின் மூத்தவர் அருகிலிருக்கச் செய்தல், இறுதியில் தனித்துச் செய்தல் எனப் பொறுப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அவருடைய முறை. கிருமிநாசினியால் புண்பட்ட தாதி ஒருவரின் கைகளைக் காக்க, மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்துதரும்படி ஒரு நிறுவனத்தைக் கேட்டவரும் அவரே. அறுவைக்கூடத்தில் ரப்பர் கையுறை பரவ அதுவும் வழிவகுத்தது.

மலேசியாவில் இப்பாதை நீண்டது. மருத்துவப் பட்டத்திற்குப் பின் 2 ஆண்டுகள் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். பின்னர் மருத்துவ அதிகாரியாக அனுபவம் பெற்று, முதுகலைப் பயிற்சிக்கு இடம் பெற வேண்டும். கிளந்தான், குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இத்துறைக்கான முதுகலைப் பயிற்சி உண்டு.

பயிற்சியில் மிகவும் வியப்பூட்டுவது நுண்ணறுவை. துண்டான விரலை இணைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரத்தக் குழாயைத் தைக்க வேண்டும். அதற்கான நூலின் கனம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு அளவே, மூச்சுக்காற்றில் பறந்துவிடும். இதனை நேராக நோயாளியிடம் பழக முடியுமா? பயிற்சியாளர் முதலில் ரப்பர் கையுறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதில் கீறலிட்டு, நுண்ணோக்கியின்கீழ் தைத்துப் பழகுவார். அடுத்து, சந்தையில் வாங்கிய கோழித்தொடையிலுள்ள இரத்தக் குழாயைத் தைப்பார். தைத்த பின் நீரைச் செலுத்திப் பார்ப்பார். ஒழுகினால், அவிழ்த்து மீண்டும் தொடங்க வேண்டும். கிழட்டு மரம் இல்லை என்றோமே, கையுறையும் கோழித்தொடையும் ஓரளவு அதன் இடத்தை நிரப்புகின்றன.

ஓரளவுதான். கோழித்தொடைக்கு இரத்தம் ஓடாது, வலிக்காது, அதன் தாய் வெளியே காத்திருக்கமாட்டார். தீக்காயத்திற்குத் தோல் ஒட்டுவதை எடுத்துக்கொள்வோம். தொடையிலிருந்து ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் கனத்தில் தோலைச் சீவி எடுக்க வேண்டும். ஆழம் கூடினால், எடுத்த இடம் எளிதில் ஆறாது, தழும்பு தங்கிவிடும். மிக மெலிந்துபோனால், ஒட்டிய தோல் பின்னாளில் சுருங்கும். அன்று தோட்டத்தில் சீவியவர் கைக்குத் தெரிந்திருந்த அளவு போன்றதுதான் இதுவும். ஆகையால், முதன்முறை சீவும்போது நிபுணர் எதிர்ப்பக்கம் நிற்பார். தேவைப்பட்டால் கத்தியை வாங்கிக்கொள்வார். யார் அறுவை செய்யப் போகிறார் என்று கேட்டறியும் உரிமை நோயாளிக்கு உண்டு.

ஆயினும், பயிற்சியின் கடினமான பகுதி அறுவைக்கு வெளியேதான் இருக்கிறது. உடலின் ஓரிடத்திலிருந்து தோலையும் தசையையும் இரத்தக் குழாயோடு எடுத்து, காயத்தில் பொருத்தி, அங்குள்ள குழாயோடு இணைப்பது உண்டு. இதற்கு மடல் என்று பெயர். இணைத்த குழாய் முதல் இரண்டு நாள்களில் அடைத்துக்கொள்ளும் அபாயம் மிகுதி. அதனால், மணிக்கொரு முறை மடலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளிறிக் குளிர்ந்திருந்தால் இரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாய்ந்து வீங்கினால் வெளியே போகவில்லை. சில மணி நேரத்தில் அடைப்பை நீக்காவிட்டால் மடல் அழுகிவிடும். நோயாளி காலையே இழக்க நேரலாம்.

பின்னிரவு 2 மணி. மடல் இலேசாக நீலமாகத் தெரிகிறது. விளக்கொளியின் மாயமாகவும் இருக்கலாம். நிபுணர் பகல் முழுவதும் நின்று அறுவை செய்து, அப்போதுதான் உறங்கப் போயிருப்பார். விடியும்வரை பார்க்கலாம் என்று நினைக்கும் பயிற்சியாளரைவிட, தயங்காமல் தொலைபேசியை எடுப்பவரிடமே நிபுணர்கள் நோயாளியை நம்பி ஒப்படைப்பர். அவருடைய ஐயம் பொய்யாகப் போனால் ஒருவரின் உறக்கம் மட்டுமே கெடும். மெய்யானால், மணி மூன்றுக்குள் அறுவைக்கூட விளக்கு மீண்டும் எரியும். நிபுணர் நுண்ணோக்கியில் குனிந்து அடைப்பை எடுப்பார். பயிற்சியாளர் எதிரே நின்று நூலை வெட்டிக் கொடுப்பார்.