பெங்களூர்த் திராட்சையும் ஆஸ்திரியா ஒயினும்

நம் சந்தைகளில் கருநீலமாய்க் குவிந்து கிடக்கும் 'பெங்களூர் புளூ' திராட்சையை அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே இருக்காது. தடித்த தோல், உள்ளே கொட்டை, கடித்ததும் மூக்கில் ஏறும் தனி வாசனை. கம்பம் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும்.

காரணம் பரம்பரை. அமெரிக்க லப்ருஸ்கா திராட்சையின் கலப்பு கொண்ட இனம் இது. 'இசபெல்லா'வுக்கு நெருங்கிய உறவு. இவ்வாசனையை ஐரோப்பிய ஒயின் வல்லுநர்கள் 'நரி வாடை' என்று ஒதுக்குவார்கள். நந்தி மலைப் பக்கம் 1988இல் தொடங்கிய குரோவர் நிறுவனமும் பிரெஞ்சு இனங்களையே நாடியது.

ஆனால் ஆஸ்திரியாவின் தெற்கு புர்கன்லாந்தில் இசபெல்லா முதலிய இதே வகைத் திராட்சைகளில் சிறு குடியானவர்கள் 'ஊஹூட்லர்' என்ற சிவந்த ஒயின் செய்கிறார்கள். தடை செய்யப்பட்டிருந்த அது 1992இல் அனுமதி பெற்றது. நரி வாடை அங்கே காட்டு ஸ்ட்ராபெரி மணமாகிவிட்டது!

இத்தகைய ஒயின் இயற்கை முறையில் செய்யப்பட்டிருந்தால் எப்படிச் சுவைப்பது? அதில் ஈஸ்ட்டைத் தனியே சேர்ப்பதில்லை. தோலில் ஒட்டிய நுண்ணுயிர்களே புளிக்க வைக்கின்றன, நம் தோசை மாவைப் போல. பெரும்பாலும் வடிகட்டாததால் கலங்கலாக இருக்கும், அது குறையல்ல. முதலில் முகருங்கள். காடி நெடி தூக்கலாக இருந்தால் கெட்டுவிட்டது. பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள். தோலின் துவர்ப்பு ஈறுகளில் பிடிக்கும்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வீடுகளில் ஜாடியில் போடும் ஒயினில் அது சர்க்கரையில் அமுங்கிவிடுகிறது. அந்த ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவது, புளிக்கும்போது எழும் வாயு வெளியேறத்தான்.